காதைக் குறைத்து வைத்த வண்டி

தலையிலும் மீசையிலும் கறுப்புச் சாயத்தை அப்பிக் கண்ணாடிக்கு முன்னால் உட்காரவைத்த மூன்றாவது நிமிஷத்தில் இசக்கியப்பனுக்கு அந்த நினைப்பு வந்தது. காதைத் திரும்ப ஏற்றிவைத்தேனா? அவருடைய காதை அல்ல, வண்டியின் காதை. முடிதிருத்தும் சுகுணன், "சேட்டா, இருபத்தஞ்சு மினிட்டு. தலை அனக்காம இருக்கணும் கேட்டோ" என்று மலையாளம் கலந்த தன் பாதித் தமிழில் சொல்லிவிட்டு, பக்கத்து நாற்காலியில் இருந்த பாகிஸ்தான்காரரின் தாடியைச் சீர்செய்யப் போய்விட்டான். வெள்ளிக்கிழமை காலை. கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிந்த கடிகாரத்தைத் திருப்பிப் படித்தால் பத்தரை. எஞ்சினுக்கு ஏது காது என்று கேட்கிறவர்களிடம் இசக்கியப்பன் இப்படித்தான் சொல்வார்: உள்ளே பெட்ரோல் ஒழுங்காக எரிந்தால் பிஸ்டனைத் தள்ளும், தாறுமாறாக வெடித்தால் பிஸ்டனைச் சுத்தியலால் அடிக்கும், அந்த அடிக்கு நாக்கிங் என்று பெயர். எஞ்சினின் விலாவில் கட்டைவிரல் பருமனில் ஒரு சென்சார் உட்கார்ந்து அந்த அடிக்காகவே ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கும். கேட்டதும் கம்ப்யூட்டரிடம் கோள் மூட்டும், கம்ப்யூட்டர் தீப்பொறியைக் கொஞ்சம் தாமதமாக்கும், எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். அந்தக் காது எவ்வளவு கூர்மையாகக் கேட்க வேண்டும் என்பதை லேப்டாப்பில் ஏற்றலாம், இறக்கலாம். நேற்று அவர் இறக்கினார். இறக்கியது நன்றாக நினைவிருக்கிறது. ஏற்றியதுதான் இல்லை.

வெள்ளை பிக்கப். டன் கணக்கில் இழுக்கும் பெரிய ஜாதி, ஆனால் டீசல் இல்லை, பெட்ரோலில் ஓடும் எட்டு சிலிண்டர். குதிரை வளர்க்கும் ஓர் அரபிக்குச் சொந்தம். ஓட்டுகிறவர் ராமநாதபுரம் பக்கத்துச் செய்யது காசிம். முதலாளியை எல்லா டிரைவர்களையும் போல அர்பாப் என்பார், இசக்கியப்பனை அண்ணாச்சி என்பார். வண்டியை ட்யூனிங் செய்யச் சொல்லி அர்பாபை நச்சரித்ததே காசிம்தான். மலை ஏற்றத்தில் பின்னால் குதிரை டிரெய்லரைக் கட்டிப் போகும்போது கியர் மேலே கீழே என்று அலைகிறதாம், ஒவ்வொரு தடவையும் வண்டி குலுங்குகிறதாம், உள்ளே நிற்கிற குதிரைகள் கால் பாவாமல் தடுமாறுகின்றனவாம். போன மாதம் ஒரு பெட்டைக் குதிரை முட்டியைச் சிராய்த்துக்கொண்டதை, தன் பிள்ளை விழுந்த மாதிரிச் சொன்னார். இதற்கெல்லாம் மருந்து ஷார்ஜாவில் இசக்கியப்பனிடம்தான் என்று பேர். அம்பாசமுத்திரத்தில் லாரி ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் பிடித்தவர், பதினேழு வருஷமாக இந்தத் தொழிற்பேட்டை கராஜில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு லேப்டாப் பிடிக்கிறார். கியர் எந்த வேகத்தில் மாற வேண்டும், தீப்பொறி எத்தனை டிகிரி முந்த வேண்டும், பெட்ரோல் எவ்வளவு சேர வேண்டும், எல்லாம் கட்டம் கட்டமாக எண்கள். ஒரு எண்ணைத் தொட்டால் பக்கத்து எண் முறைக்கும், அதையும் சமாதானப்படுத்த வேண்டும். நேற்று மதியம் வண்டியை உருளைகள் மேல் ஏற்றிச் சங்கிலியால் கட்டி, நின்ற இடத்திலேயே நூற்றிருபதில் ஓட்டியபோது, திரையில் சிவப்பு. காது எதையோ கேட்டுத் தீப்பொறியை ஐந்து டிகிரி பின்னால் இழுத்துவிட்டது. புதிதாக மாட்டிய சைலன்சர் குழாய்மேல் இருக்கும் வெப்பத் தகடு ஆடியது. அதில் ஒரு போல்ட் லூஸ். சரிதான், தகடு அடிக்கிற சத்தத்தை எஞ்சின் அடிக்கிற சத்தம் என்று காது நம்பிவிட்டது என்று சிரித்துக்கொண்டே போல்ட்டை முடுக்கினார். மறுபடி ஓட்டினார். மறுபடி சிவப்பு, இந்தத் தடவை நாலு டிகிரி. அப்போதுதான் காதை இறக்கினார். சும்மா ஒரு சோதனைக்கு. இறக்கியதும் திரை பச்சைப் பசேல் என்று ஆகிவிட்டது.

அதற்கப்புறம் என்ன செய்தேன். டீ வந்தது. டீயை வாங்கி வைத்தேன், குடித்தேனா தெரியாது. கராஜ் முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்து பச்சைத் திரையைப் பார்த்து, தோளில் தட்டி, "மாஷா அல்லாஹ்" என்றார். ஃபைலுக்குப் பேர் வைத்தேன். ‘கடைசி’. அதற்குப் பின்னால் ‘கடைசி இரண்டு’. அதற்கும் பின்னால் ‘கடைசி மெய்யாகவே’. இப்படிப் பேர் வைக்காதே என்று பத்து வருஷமாகத் தன்னைத் தானே திட்டிக்கொள்கிறார், ஒரு வண்டியிலாவது கேட்டாரா. எதை வண்டிக்குள் எழுதினேன். கேபிளைச் செருகினது தெரிகிறது, விரல் கீயை அழுத்துகிறது தெரிகிறது, நீலக்கோடு மெல்ல நிறைகிறது தெரிகிறது, கோட்டுக்கு மேலே இருக்கும் பேர்மட்டும் தெரியவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வந்தபின் வருமே ஒரு சந்தேகம், அந்த மாதிரி. பூட்டை இழுத்துப் பார்த்த கை நினைவிருக்கும், அது இன்றைய கையா நேற்றைய கையா என்று தெரியாது. எத்தனை வண்டிகளுக்கு எத்தனை கேபிள். எல்லா நீலக்கோடும் ஒரே நீலக்கோடு. சாயம் உச்சந்தலையில் குளிர்ந்து, காதோரம் அரிக்க ஆரம்பித்தது. சொறியக் கூடாது. அடுத்த வியாழக்கிழமை ஊருக்கு விமானம். போன தடவை விமான நிலையத்தில் சங்கரவடிவு அவரைப் பார்த்து, "என்ன, சுண்ணாம்புச் சட்டிக்குள்ள தலைய விட்டுட்டு வந்திருக்கிய?" என்று கேட்டாள். பொண்டாட்டி கேட்டால் பரவாயில்லை, பக்கத்தில் நின்ற டாக்ஸிக்காரனும் சிரித்தான். அதனால்தான் இந்தச் சாயம். இந்த வயதில் மனிதனுக்கு ரோஷம் தலைமயிரில்தான் மிச்சமிருக்கிறது.

பத்து நாற்பது. காசிம் காலையில் எட்டு மணிக்கே போன் பண்ணினார். ரெண்டு குதிரை ஏற்றியாச்சு, மலைத் தோட்டத்துக்குப் போறோம், ஜும்ஆ தொழுகைக்கு முன்னால் சேர்ந்துவிடணும் என்றார். ஜும்ஆவுக்கு முன்னால் என்றால் மிதிப்பார். சமவெளியில் மிதித்தால் ஒன்றுமில்லை. பாலைவனத்தின் நேர்ச்சாலையில் அந்த எஞ்சின் தூங்கிக்கொண்டே இழுக்கும். மலை அடிவாரத்தில் ஒரு சின்ன பம்ப் இருக்கிறது. இசக்கியப்பன் போட்ட கணக்கெல்லாம் உசத்திப் பெட்ரோலுக்கு, அந்த பம்ப்பில் பாதி நாள் உசத்தி இருக்காது, உள்ளதை ஊற்றிக்கொண்டு போவார்கள். காது சரியாக இருந்தால் அதுவும் பிரச்சினை இல்லை. மட்டப் பெட்ரோல் அடிக்க ஆரம்பித்ததும் காது கேட்டுக்கொள்ளும், எஞ்சின் கொஞ்சம் சோர்ந்து நடக்கும், ஊர் போய்ச் சேரும். காது இறக்கி வைத்திருந்தால் எஞ்சினுக்குத் தான் அடிபடுவதே தெரியாது. சந்தோஷமாக ஏறும். ஏற ஏற அடிபடும். பதினொரு மணி வெயில், பின்னால் ரெண்டு குதிரை, பத்து கிலோமீட்டர் ஏற்றம். முதலில் பிஸ்டனின் ஓரம் உதிரும். பிறகு ஒன்று உடையும். வளைவில் உடைந்தால் ஆயில் சாலையில் கொட்டும், அதிலேயே பின் சக்கரம் வழுக்கும், டிரெய்லர் ஒரு பக்கம் இழுக்கும். போதும். இசக்கியப்பன் கண்ணாடியில் சாயத் தலையைப் பார்த்தார். அப்படியெல்லாம் ஆகாது. ஆகாது என்று சொல்வது சுலபம், உடைந்த பிஸ்டன்களை அவர் எத்தனையோ கையில் வைத்துத் திருப்பிப் பார்த்திருக்கிறார். அப்புறம் அர்பாப் யாரைக் கேட்பார்? முதலில் டிரைவரைத்தான் கேட்பார். எந்தப் பெட்ரோல் ஊற்றினாய், எப்படி மிதித்தாய் என்பார். காசிம் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். அண்ணாச்சி கை பட்ட வண்டி, அண்ணாச்சிமேல் தப்பு இருக்காது, நான்தான் ஏதோ பண்ணிட்டேன் போல என்று தானே ஒத்துக்கொண்டு ஊருக்கு டிக்கெட் வாங்கிக்கொள்கிற ரகம் அந்த மனுஷன்.

போன் பண்ணிவிடலாம். போன் மேலே போர்த்திய துணிக்கடியில் சட்டைப் பையில். கையை எடுக்கலாம், ஆனால் காதில் வைக்க முடியாது, காதோரம் பூராவும் சாயம். அதெல்லாம் சாக்கு என்று அவருக்கும் தெரியும். போன் பண்ணி என்ன சொல்ல? பாய், ஒரு சின்ன மறதி. மறதி என்ற சொல்லை நாக்கில் வைத்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. மறதிக்கு யாரும் யாரையும் தூக்கில் போடுவதில்லை. டாக்டர் கத்தரியை வயிற்றுக்குள் மறந்துவிடுகிறார், அமைச்சர் வாக்குறுதியை மறந்துவிடுகிறார், லேப்டாப்காரன் ஒரு எண்ணை மறந்தால் என்ன? ஆனால் மறக்கவே இல்லை என்றால்? ஏற்றித்தான் வைத்தேன் என்றால்? சும்மா ஒரு மனுஷனை ஏற்றத்தில் நிறுத்தி, குதிரைகளை வெயிலில் வேகவைத்து, பதினேழு வருஷப் பேரைக் காற்றில் விட்டதாகும். ஏற்றித்தான் வைத்திருப்பேன். பழக்கம் என்று ஒன்று இருக்கிறது. தூக்கத்தில் கேட்டாலும் கை தானாகச் செய்யும். இசக்கியப்பன் காதை இறக்கிவிட்டு ஏற்றாமல் விட்டான் என்று ஒரு வண்டி திரும்பி வந்திருக்கிறதா? இல்லை. அப்போ இதுவும் இல்லை. அவருக்குக் கொஞ்சம் ஆசுவாசமாக இருந்தது. கடைக்குள் ஏசி இதமாக ஓடியது. சுகுணன் கத்தரியைக் காற்றில் திறந்து திறந்து மூடுகிறான், வாய் அசைகிறது, பாட்டுப் பாடுகிறான் போல. பாட்டு கேட்டது. கத்தரி கேட்கவில்லை.

கத்தரி கேட்கவில்லை. பத்தடிதான் தூரம். இசக்கியப்பன் கத்தரியின் மேலேயே கண்ணை வைத்தார். திறந்தது, மூடியது, திறந்தது. ஒரு காலத்தில் அம்பாசமுத்திரம் சலூனில் இந்தக் கிச்சுக் கிச்சுச் சத்தத்திலேயே தூங்கிவிடுவார். இது ஏசி இரைச்சலால். இல்லை, பாட்டு கேட்கிறதே. போன மாதம் அவர் தங்கியிருக்கும் அறையில் உட்கூரையில் இருக்கும் புகை எச்சரிக்கை டப்பா பேட்டரி தீர்ந்து மூன்று நாளாகக் குருவி மாதிரிக் கத்தியதாம். அறையில் மற்ற ஐந்து பேரும் தூக்கம் கெட்டு ஆளாளுக்கு எரிந்து விழுந்தார்கள். அந்த டப்பாவுக்கு நேர் கீழேதான் இவர் கட்டில். நாலாம் நாள்தான் இவருக்கு விஷயமே தெரிந்தது, தெரிந்ததும் "நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன், என்ன இழவு சத்தம்" என்று கூடச் சேர்ந்து திட்டினார். எவ்வளவு இயல்பாக வாயில் வந்தது. அதற்கு முன்னால் இலவச மருத்துவ முகாம், இரண்டு வருஷம் இருக்கும். காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்குங்கள் என்றாள் நர்ஸ். எஞ்சினைக் கேட்டுக் கேட்டுப் பழகிய ஆள், இதில் தோற்பதா. முதலில் நாலைந்து கேட்டது. அப்புறம் ஒன்றும் இல்லை. இடைவெளியைக் கணக்குப் பண்ணி இவராகவே அமுக்கினார். ஒன்று, இரண்டு, அமுக்கு. ஒன்று, இரண்டு, அமுக்கு. அந்தப் பெண் இவரைப் பார்த்து, கொஞ்சம் வருத்தமாகத்தான், "அண்ணா, நான் இன்னும் சவுண்டே வைக்கல" என்றாள். சிரித்தார். அவளும் சிரித்துவிட்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். சன்னமான சத்தங்கள் போய்விட்டன, இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்கு வருவதுதான், பெரிய டாக்டரைப் பாருங்கள் என்று. சீட்டை மடித்துப் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்தார். ஒருவரிடமும் சொல்லவில்லை. கராஜில் இவரைத் தேடி வருகிறவர்கள் எதற்கு வருகிறார்கள்? எஞ்சின்மேல் மைக்கை ஒட்டவைத்து, பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி நிற்பாரே, அதைப் பார்க்கத்தான். போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நாக்கிங் என்பது அத்தனை இரைச்சலுக்கு நடுவில் ஊசிபோல ஒரு சன்னமான சத்தம்.

நேற்றும் மாட்டினார். போல்ட்டை முடுக்கிய பிறகு, நாலு டிகிரி சிவப்பு வந்த பிறகு. மைக்கை ஒட்டி, ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடி. ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றால் இல்லை என்றுதானே அர்த்தம் என்று அப்போது மனசு சொன்னது, சொன்னதும் அதே மனசு மெல்ல முகத்தைத் திருப்பிக்கொண்டதும் இப்போது நினைவுக்கு வருகிறது. காதை இறக்கியது சோதனைக்கு இல்லை. சோதனை என்பது அப்புறம் வைத்த பேர், ‘கடைசி மெய்யாகவே’ மாதிரி. திரும்ப ஏற்றினால் மறுபடி சிவப்பு வரும், மறுபடி ஹெட்போனை மாட்ட வேண்டும், அது தகடா எஞ்சினா என்று கேட்டுச் சொல்ல வேண்டும், காசிம் வாசலில் நிற்கிறார், முதலாளி மாடிப்படியில் நிற்கிறார். பச்சையாக இருக்கும்போதே கேபிளைச் செருகினார். நீலக்கோட்டுக்கு மேலே இருந்த பேர், காதை இறக்கிய ஃபைலின் பேர், இப்போது பளிச்சென்று தெரிந்தது. அது எப்போதும் தெரிந்துகொண்டேதான் இருந்தது. மறக்கவில்லை. ஒரு நொடிகூட மறக்கவில்லை. அரை மணி நேரமாக மறதியைத் தேடி அலைந்தது, அது கிடைத்தால் அதன்மேல் சாய்ந்துகொள்ளலாம் என்பதற்காக. பயம் வரும் என்று நினைத்தார். பயம் வரவில்லை. வெட்கமாக இருந்தது, வெட்கத்துக்குக் கீழே என்னவோ லேசாக இருந்தது. பத்து ஐம்பத்தைந்து. அடிவார பம்ப்பைத் தாண்டியிருப்பார். இசக்கியப்பன் துணிக்கடியில் கையை விட்டுப் போனை எடுத்தார், காதில் வைக்க முடியாததால் ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்தார். ஆறாவது தடவை மணி அடித்தபோது காசிம் எடுத்தார். பின்னணியில் எஞ்சின் கனமாக முழங்கியது. அந்த முழக்கம் அவருக்கு நன்றாகக் கேட்டது.

"சொல்லுங்க அண்ணாச்சி! ஏத்தம் புடிச்சு ரெண்டு கிலோமீட்டர் ஆச்சு. வண்டி பூ மாதிரி போகுது. கியரு மாறவே இல்ல. உள்ள பிள்ளைங்க ரெண்டும் அசையாம நிக்கிது."

"காசிம் பாய், எஞ்சின்ல ஏதும் சத்தம் கேக்கா?"

"இந்தா, போனை வெளியில நீட்டுறேன். நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

"நீட்டாதீங்க. நீட்டுனாலும் எனக்குக் கேக்காது."

"டவர் இல்லையா?"

"டவர் இருக்கு. காதுதான் இல்ல." அவர் குரல் கடை முழுக்க விழுந்தது. சுகுணன் பாட்டை நிறுத்தினான். "எனக்குச் சன்னமான சத்தம் ஒண்ணும் விழாது, பாய். ரெண்டு வருஷமாச்சு. நேத்து அந்த எஞ்சின்ல என்ன கேட்டுச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரியாமலே எழுதிக் குடுத்துட்டேன். மறதி இல்ல, தெரிஞ்சே செஞ்சது. நீங்க கேட்டுச் சொல்லுங்க."

எஞ்சின் முழங்கிக்கொண்டே இருந்தது. பிறகு காசிமின் குரல் தணிந்து வந்தது.

"இருக்கு அண்ணாச்சி. மிதிச்சா வருது, விட்டா நின்னுருது. மெலிசா, தகர டப்பாவுல கோலிக்குண்டு போட்டு ஆட்டுற மாதிரி."

"காலை எடுங்க. எடுத்துட்டீங்களா? மெதுவா ஓரங்கட்டி எஞ்சினை அணைச்சிருங்க. கல்லு வைங்க சக்கரத்துக்கு. குதிரையை எறக்கி நெழல்ல கட்டுங்க. நான் லேப்டாப்பை எடுத்துக்கிட்டு இப்பவே வாரேன். அர்பாபு கேட்டா ஒண்ணும் சொல்லாதீங்க, நான் பேசுதேன். டிரைவர் மேல தப்பில்ல, ட்யூனிங் பண்ணவனுக்குக் காது கேக்காதுன்னு நானே சொல்லுதேன்."

முழக்கம் நின்றது. ஒரு கதவைச் சாத்தும் சத்தம். தூரத்தில் ஒரு குதிரை மூச்சைச் சீறி விட்டது.

"அண்ணாச்சி," என்றார் காசிம். "நேத்து கராஜ்லயே கேட்டுச்சு எனக்கு. வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன்ல. நீங்க எஞ்சின் பக்கத்துலயே கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறீங்க. அவருக்குக் கேக்காததா நமக்குக் கேட்டுறப் போகுதுன்னு பேசாம இருந்துட்டேன்."

கடையில் எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இசக்கியப்பன் போனை வாயருகே தூக்கினார்.

"இனிமே கேட்டா சொல்லிருங்க, பாய்."